எட்டுக் கால் எறும்பு

ஓசூர் சிப்காட்டில் நான் முன்பு வேலை பார்த்த ஓர் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில், கை கழுவும் குழாய்களுக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். தன்னைப்போல் நாலு மடங்கு பெரிய சர்க்கரைக் கட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓர் எறும்பு மலை ஏறும். கீழே தமிழிலும் இந்தியிலும் ஒரு கேள்வி: ‘எறும்பு ஓய்வதில்லை. நீ?’ மூன்று வருஷம் அந்தக் கேள்விக்குக் கீழே நின்று கை கழுவினேன். நாலாவது வருஷம் ஒருநாள் குழாயில் தண்ணீர் வராமல் அண்ணாந்து நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்த எறும்புக்கு எட்டுக் கால்.

வரைந்தவர் எண்ணவில்லை, அச்சடித்தவர் எண்ணவில்லை, ஒட்டச் சொன்ன அதிகாரி எண்ணவில்லை, மூன்று ஷிப்டிலும் சாப்பிட்டு எழுந்த நாங்களும் எண்ணவில்லை. கால் கணக்கு மட்டும் பிசகியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேள்வியே பிசகு. எறும்பு ஓய்கிறது. நிறையவே ஓய்கிறது. இதைச் சொல்ல எனக்குச் சின்னத் தகுதி ஒன்று உண்டு: என் வீட்டு ஜன்னல் மேடையில் ஒரு கட்டெறும்புக் குடும்பம் இரண்டு வருஷத்துக்குமேல் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

எறும்பைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டது என்ன? பள்ளிக்கூடத்தில் வெட்டுக்கிளிக் கதை. பாடிக்கொண்டு திரிந்த வெட்டுக்கிளி பட்டினி கிடந்தது, சேர்த்து வைத்த எறும்பு சுகமாக இருந்தது. ஈசாப்பின் பெயரில் வழங்குகிற கிரேக்க நாட்டுக் கதை அது. உறைபனியே காணாத பர்கூரிலும் ஊத்தங்கரையிலும் பிள்ளைகள் ‘குளிர்காலத்துக்கு உணவு சேமிக்கும் எறும்பு’ என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். நம் கட்டெறும்பு களஞ்சியம் எதுவும் கட்டுவதில்லை. அசுவினிப் பூச்சி விடும் இனிப்புத் துளியை நக்கி, வயிற்றில் வைத்துக்கொண்டு வந்து, வாயோடு வாய் வைத்துக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கிறது. விதை சேர்க்கிற எறும்புகளும் உண்டுதான்; அவை வேறு இனம். இந்தியாவில் மட்டும் 828 எறும்பு இனங்களும் துணையினங்களும் இருப்பதாக 2016இல் வெளிவந்த பட்டியல் சொல்கிறது. 828க்கும் ஒரே குணச்சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியையும் இதே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். விடாமுயற்சிக்கு மேற்கோள் என்று கட்டுரைப் பயிற்சியில் சேர்த்தாயிற்று. பழமொழியைச் சொன்னவர் சொல்லில் கவனமாக இருந்திருக்கிறார்: ஊர என்றார், உழைக்க என்று சொல்லவில்லை. கல்லைத் தேய்க்க வேண்டும் என்று எந்த எறும்பும் கிளம்பவில்லை, அதற்கு டார்கெட் கிடையாது. அது பாட்டுக்குப் போகிறது, வருகிறது. காலங்காலமாக அந்த வழியில் போனதில் கல் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் முன்னோர் எறும்பை வேலையாளாகப் பார்த்ததைவிட விருந்தாளியாகப் பார்த்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். வாசலில் அரிசிமாவில் கோலம் போட்டவர்கள் எறும்புக்குப் படி அளந்தார்கள். எந்த வேலைக்கும் அது கூலி இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூர் கோயிலின் தலபுராணத்தையும் பாருங்கள். தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவில் சிவனை வழிபட வந்தார்கள். லிங்கம் வழுக்கியது, ஏற முடியவில்லை. சிவன் புற்றாக மாறி, எறும்புகள் ஏறுவதற்குத் தோதாகச் சாய்ந்து கொடுத்தார். இன்னும் வேகமாக ஏறு என்று சொல்லவில்லை. அதே திருவெறும்பூரில்தான் பெல் நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை இருக்கிறது என்பது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லாத செய்தி. எனக்குப் பிடித்த செய்தி.

என் வீட்டு ராணி வந்த கதையைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவைப் பற்றிய பேச்சு அடங்கியும் அடங்காமலும் இருந்த 2023 மே மாதம் அது. சாயங்காலம் கோடைமழை கொட்டி ஓய்ந்திருந்தது. சி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நிறுத்தத்தில், டீக்கடை விளக்கைச் சுற்றி இறக்கை முளைத்த எறும்புகள் விழுந்துகொண்டிருந்தன. ஈசல் என்று எல்லாரும் தட்டிவிட்டார்கள். ஈசல் கறையான் வீட்டுப் பிள்ளை. இவை எறும்பு வீட்டுப் பிள்ளைகள், இடுப்பைப் பார்த்தாலே தெரியும். அதில் ஒருத்தி ஏற்கெனவே இறக்கையை உதிர்த்துவிட்டு என் ஹெல்மெட்டுக்கு அடியில் நுழைய இடம் தேடிக்கொண்டிருந்தாள். பையில் காலி மாத்திரை டப்பா இருந்தது. இரவு முழுக்க என்னோடு அவளும் டியூட்டி பார்த்தாள்.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சோதனைக்குழாய், அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் இறுக்கமாகப் பஞ்சு, ராணி, குழாயின் வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும், மறப்பதுதான் கஷ்டம். ஒன்றரை மாதம் போல அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். இனிப் பறக்கப் போவதில்லை என்பதால், இறக்கையை அசைத்த தசைகளையே கரைத்து, அதைக்கொண்டு முதல் பிள்ளைகளை வளர்த்தெடுக்கிறாள். முதல் வேலைக்கார எறும்பு வெளிவந்ததும் துளி சர்க்கரைத் தண்ணீர், அடித்த கொசு, கரப்பான் கால். குழாயை ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவின் விளிம்பில் எண்ணெய்ப்பசை தடவிவிட்டால் ஏறித் தப்பாது. ஓசூரின் டிசம்பர் குளிரில் மட்டும் எல்லாம் சுருண்டுவிடும். அப்போது தொந்தரவு செய்யக் கூடாது.

வீட்டுக்கார அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. டப்பாவைப் பார்த்ததும் சொன்னார்: “பாம்புக்குப் பால் ஊத்தறவங்கள பாத்திருக்கேன் தம்பி. சீமலுக்குச் சக்கரைத் தண்ணி ஊத்தற ஆள இப்பத்தான் பாக்கறேன்.” கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: “ஏம்பா, எல்லாம் சும்மா நிக்குது? செத்துப் போச்சா?”

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் முதல் நாளே கேட்டுவிட்டார். அவை சாகவில்லை. சும்மாதான் நின்றன. வார விடுமுறை ஒன்றில் அரை மணிக்கு ஒருமுறை போனில் படம் எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் நின்ற இடத்திலேயே கடைசிப் படத்திலும் நின்றவை பாதிக்கு மேல். இரண்டு மூன்று புழுக்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தன, ஒன்று சர்க்கரைத் தண்ணீருக்கும் குழாய்க்குமாக நடந்தது. மற்றவை மீசையைத் துடைத்துக்கொண்டும் துடைக்காமலும் பொழுதைப் போக்கின. இது ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஆராய்ச்சி செய்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டேனியல் சார்பொன்னோவும் அன்னா டார்ன்ஹாஸும் குருணை அளவே உள்ள டெம்னோதோராக்ஸ் எறும்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அடையாளத்துக்கு வண்ணப் புள்ளிகள் வைத்து வீடியோ எடுத்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் எந்த வேலையும் செய்யவில்லை. இதைவிடச் சுவையானது அவர்கள் 2017இல் வெளியிட்டது. கூட்டத்தில் மிகச் சுறுசுறுப்பான 20 சதவீதத்தை வெளியே எடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள், சும்மா நின்றவற்றில் சில எழுந்து வந்து அந்த இடத்தை நிரப்பின. வேறு கூட்டங்களில் சும்மா நிற்கும் 20 சதவீதத்தை எடுத்தார்கள். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

லைனில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சும்மா நின்றவை ரிலீவர்கள். என் பழைய கம்பெனியில் ஆள் குறைப்பு வந்தபோது முதலில் போனது ரிலீவர்கள்தான். ‘சும்மா நிற்கிறான்’ என்றார்கள். உண்மைதான், ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும்வரை ரிலீவர் சும்மாதான் நிற்பான். அவன் போனபிறகு ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து ஸ்டேஷன்காரர் இரண்டு மெஷின் ஓட்டினார். பாத்ரூம் போகக் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம். லைன் நிற்காமல் ஓடியது. ஆட்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கேன்டீன் படத்தில் அந்த எறும்பு அப்போதும் மலை ஏறிக்கொண்டிருந்தது. எறும்பிடம் பாடம் கேட்டிருந்தால் ரிலீவரை நீக்கியிருக்கமாட்டார்கள்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் நெருப்பெறும்புகள் சுரங்கம் தோண்டுவதைக் கவனித்து 2018இல் எழுதினார்கள். 30 சதவீத எறும்புகள் 70 சதவீத வேலையைச் செய்தன. மீதி எறும்புகள் சுரங்க வாய்வரை வரும், உள்ளே நெரிசல் என்று கண்டால் ஒரு மண்துகளும் எடுக்காமல் திரும்பிப் போய்விடும். அதனால்தான் ஒற்றையடிச் சுரங்கத்தில் அடைப்பு விழுவதில்லை. சாயங்காலம் ஓசூர்-பெங்களூர் சாலையில் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே கிளட்ச்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சாலையே சான்று.

தூக்கமும் உண்டு. தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் டெபி காசில் 2009இல் சொன்ன கணக்கு: நெருப்பெறும்பு வேலைக்காரி ஒரு நாளில் ஏறக்குறைய 250 முறை கண் அயர்கிறது, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல். எறும்புக்கு இமை இல்லை, ‘கண் அயர்கிறது’ என்பது என் வழக்குச் சொல். ஷிப்டில் ஒரு நிமிஷம் கண் அயர்ந்ததற்கு மெமோ வாங்கிய கூட்டாளி ஒருவன் எனக்கு உண்டு.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமானது. ‘உன் டப்பாவில் வேளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கிறது, எதிரி இல்லை, மழை இல்லை. சோம்பல் வராமல் என்ன செய்யும்? ஆராய்ச்சிக்கூட எறும்புக்கும் அதே கதைதானே?’ நானும் அப்படித்தான் நினைத்தேன். அரிசோனாக்காரர்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. காட்டில் இருந்த இடத்திலேயே கூடுகளைக் கவனித்து 2015இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்கேயும் சும்மா இருப்பதே அதிகம். டப்பாவின் குற்றம் இதில் இல்லை.

அப்படியானால் இத்தனை காலம் எல்லாரும் எப்படி ஏமாந்தோம்? காரணம் எளிது. சுவரில் வரிசையாகப் போகிற எறும்பைத்தான் நாம் பார்க்கிறோம். வேலைக்கு வெளியே வந்தது மட்டுமே நம் கண்ணில் படும். வராதது புற்றுக்குள் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர், வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துவிட்டு, இது தூங்காத ஊர் என்று எழுதிவிடலாம். லைன் வீடுகளில் நைட் ஷிப்ட் முடித்துக் கவிழ்ந்து கிடக்கிற தர்மபுரிப் பையனும் ஒடிசாப் பையனும் அவர் கணக்கில் வரவில்லை. எறும்பு வளர்ப்பதன் பயன், நான் கண்டவரையில், இந்த ஒன்றுதான்: கண்ணாடி வழியாக லைன் வீட்டின் உள்ளே பார்க்க முடிகிறது.

இனி ராணி. சங்கதி தெரியாதவர்கள் ராணியை நிர்வாக இயக்குநர் ஆக்கிவிட்டார்கள். அவள் ஆணையிட, படை நடக்குமாம். என் வீட்டு ராணி இதுவரை எதற்கும் ஆணையிட்டு நான் பார்த்ததில்லை. முட்டையிடுகிறாள். வெளிச்சம் பட்டால் முதலில் ஓடி ஒளிகிறவளும் அவளே. அமெரிக்கப் பாலைவனத்தில் அறுவடை எறும்புகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த டெபோரா கார்டன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்: அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எதிரே வரும் எறும்புகளை ஓர் எறும்பு மீசையால் தொட்டுப் பார்க்கிறது. இரையோடு திரும்புகிறவை அடிக்கடி எதிர்ப்பட்டால் தானும் கிளம்புகிறது, இல்லையென்றால் உள்ளேயே இருந்துவிடுகிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டிராஃபிக் மனது வைத்தால் ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் எறும்பின் உறவுக்காரியான ஒரு குளவியைப் பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறார். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். 1983இல் அவரும் உடன் ஆய்வாளரும் ஒரு கூட்டின் குளவிகளை அவை பொழுதைக் கழிக்கும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்: உட்கார்ந்திருப்பவை, சண்டை போடுபவை, இரை தேடுபவை. ராணி எந்த வகை என்று நினைக்கிறீர்கள்? உட்கார்ந்திருப்பவை. வேலைக்காரக் குளவிகள் தங்கள் வேலையைத் தாங்களே பகிர்ந்துகொள்கின்றன.

நம் பக்கத்து எறும்பு ஒன்றுக்கு உலகப் புகழே உண்டு. மதராஸ் ராஜதானியில் டாக்டராக இருந்த டி.சி. ஜெர்டன் 1851இல் முதலில் விவரித்த குதிக்கும் எறும்பு, ஹார்பெக்னேதஸ் சால்டேட்டர். தென்னிந்தியாவில் இருக்கிறது, இரையைப் பார்த்துத் தாவுகிறது. ராணி செத்தால் வேலைக்காரிகள் மீசையால் நாள்கணக்கில் மல்லுக்கு நிற்கும். ஜெயித்தவை முட்டையிடத் தொடங்கும். பதவி ஏறியதும் அவற்றின் மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. பதவியிலிருந்து இறக்கினால் மூளை மறுபடி வளர்கிறது என்று 2021இல் கண்டார்கள். மேலாளர்களைப் பற்றி இதிலிருந்து முடிவு எதையும் நான் எடுக்கவில்லை. எறும்பிடம் பாடம் கற்கச் சொல்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அதுதான் என் அடுத்த வழக்கு. எறும்பிடம் கற்றுக்கொள் என்றால் எதை? கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மரம் ஏறினவர்களுக்கு முசுறு தெரியும். இலைகளை இழுத்துச் சேர்த்துப் பந்து போலக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்தால் உயிர் போய் வரும். மாம்பழத்துக்குப் பேர் போன இந்த மாவட்டத்தில் உண்மையிலேயே உழைக்கிற எறும்பு என்றால் அதைச் சொல்லலாம். அது இலையை எப்படி ஒட்டுகிறது தெரியுமா? தன் கூட்டத்துப் புழுவை வாயில் கவ்வி வந்து, இலை ஓரத்தில் இப்படியும் அப்படியும் நகர்த்தும். புழு வாயிலிருந்து வரும் பட்டு நூல் பசையாகிறது. குழந்தையைப் பசைக்குழாய் ஆக்கி வேலை வாங்குகிறது. இதைக் கற்றுக்கொள்ளலாமா? பக்கத்துக் கூட்டுக்குள் புகுந்து கூட்டுப்புழுக்களைத் தூக்கி வந்து, வளர்த்து, தனக்கு வேலை செய்ய வைக்கிற எறும்பு ஐரோப்பாவில் இருக்கிறது. பியர் ஊபர் என்ற ஆய்வாளர் அதை 1810லேயே எழுதிவிட்டார். அதைக் கற்றுக்கொள்ளலாமா?

அல்லது இதை. பெரும்பாலான எறும்புக் கூட்டங்களில் இளசுகள் உள்ளே புழு பார்க்கும். வயதானவைதான் இரை தேட வெளியே போகும். வெளியே ஆபத்து அதிகம், வாழ்ந்து முடிக்கப் போகிறவை அதை ஏற்கின்றன. நம் ஊரில் பத்தொன்பது வயதில் கான்ட்ராக்டில் எடுத்து, முப்பதுக்குள் முதுகையும் கண்ணையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற ஏற்பாட்டுக்கு எறும்பில் முன்மாதிரி கிடையாது. ஆக, எறும்பின் எல்லா வழக்கங்களிலும் ‘ஓயாமல் ஓடுகிறது’ என்ற ஒன்றை மட்டும், அதுவும் இல்லாத ஒன்றை, பொறுக்கி எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். படம் சுவரோடு நின்றுவிடுவதில்லை. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை ஆலை வேலைக்கு வழி செய்து தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அதுபோன்ற திருத்த மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்றார்கள். இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வீடு, அல்லது நேர்மாறாக வாழும் எங்களுக்கு மாநில எல்லையின் இரு பக்கமும் கதவு ஒரே மாதிரி சாத்தியதுபோல இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, மூன்று நாளில் மசோதாவை நிறுத்திவைத்தார்கள். மே 1ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923 மே 1ஆம் தேதி அதே சென்னையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடி சரியாக நூறு வருஷம்.

அதே 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அவர் கம்பெனியின் தலைமையகம் எங்கள் ஊர்ச் சாலையிலேயே, எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இருக்கிறது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவரின் 90 மணி நேரப் பேச்சு வெளியே வந்தது. இவர்கள் யாரும் எறும்பை இழுக்கவில்லை. இழுக்கத் தேவையில்லை. நாலாம் வகுப்பிலிருந்து எறும்பு எங்கள் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த வேலையை முடித்துவைத்திருக்கிறது. அதிக நேரம் உழைக்காதவன் வெட்டுக்கிளி என்பது வாதமாகச் சொல்லப்படாமலே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எறும்பு ஓய்கிறது, ஆகையால் எங்களுக்கும் ஓய்வு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் முசுறின் குழந்தைப் பசைக்கும் நான் பதில் சொல்ல வேண்டிவரும். எட்டு மணி நேர வேலை எறும்பிடமிருந்து வந்ததில்லை, மனிதர்கள் கேட்டு, அடிபட்டு வாங்கியது. எறும்பை அந்த வழக்கில் பொய்ச் சாட்சியாக நிறுத்தாதீர்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

வீட்டில் கண்ணாடிக்குள் எறும்பு வளர்த்து முறையாகப் பார்த்தவர்களில் முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், லண்டன் வங்கிக்காரர் ஜான் லபக். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே மண் பரப்பி வளர்த்தார். எறும்புக்குச் சாராயம் கொடுத்து மயக்கி, மற்றவை அதை என்ன செய்கின்றன என்று பார்த்தார். சொந்தக் கூட்டத்து எறும்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்தன, அந்நிய எறும்பைத் தண்ணீரில் தள்ளின. அவரிடம் இருந்த ஒரு ராணி 1888வரை, கிட்டத்தட்ட 14 வருஷம் வாழ்ந்தது. 1882இல் வந்த அவருடைய எறும்புப் புத்தகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதில் காலை முதல் இரவு வரை ஓயாமல் புழு சுமந்த ஓர் எறும்பையும் மெச்சி எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. அந்த ஒன்று ஓடியபோது மற்றவை என்ன செய்தன என்பதைத்தான் பின்னால் வந்தவர்கள் எண்ணினார்கள்.

இந்த லபக்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். கடைப் பையன்களும் பெண்களும் இரவு நெடுநேரம் கால்கடுக்க நின்ற காலத்தில், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது என்ற 1886ஆம் வருஷச் சட்டத்துக்குப் பின்னாலும் அவர் இருந்தார். எறும்புதான் அவரை அப்படி ஆக்கியது என்று சொன்னால் நானும் கேன்டீன் படக்காரர் ஆகிவிடுவேன். எறும்பை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவருக்கு, அதைக் காட்டி ஆளை வேலை வாங்கத் தோன்றவில்லை. அதுவரை சொல்லலாம்.

என் மேலேயும் புகார் உண்டு. ‘வாயில்லா ஜீவனை டப்பாவில் அடைப்பது பாவம்’ என்றார் எதிர்வீட்டுக்காரர், வாசலில் லட்சுமண ரேகை சாக்பீஸால் நாலு பக்கமும் கோடு இழுத்துக்கொண்டே. அவர் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். டப்பா சிறைதான். மழை முடிந்த மறுநாள் தெருவில் மிதிபட்டும் காக்கைக்கு இரையாகியும் போகிற ராணிகளோடு ஒப்பிட்டு என்னை நான் சமாதானம் செய்துகொள்வதுண்டு. அது சமாதானம்தான், பதில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் இதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறேன்: தானாக என் ஹெல்மெட்டுக்கு வந்த உள்ளூர் ராணி ஒன்று, அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்குவதில்லை. 2025 மே மாதம் கென்யாவில் நாலு பேருக்குத் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் விழுந்தது. அவர்களில் இருவர் பெல்ஜியத்து இளைஞர்கள். சோதனைக்குழாயில் பஞ்சு வைத்து ஆயிரக்கணக்கில் ராணி எறும்புகளை நாட்டைவிட்டுக் கடத்தப் பார்த்தார்கள். என் வீட்டில் இருப்பதும் அதே குழாய், அதே பஞ்சு. வெளியிலிருந்து வந்த எறும்பு என்ன செய்யும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரக்காரர்களிடம் கேட்கலாம். 2022இல் மஞ்சள் பைத்திய எறும்பு அங்கே ஆடு மாடுகளின் கண்ணில் ஏறிப் படாதபாடு படுத்தியது.

கூட்டம் இப்போது நூறைத் தாண்டிவிட்டது. போன வாரம் சி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தேன். வீட்டுக்கார அம்மா வாடகை கேட்க வந்தவர், டப்பாவுக்கு முன்னால் குனிந்து நின்றார். கையில் வழக்கம்போல ஒரு சிட்டிகை வெல்லம்.

“என்னப்பா, இன்னும் சும்மாதான் நிக்குதுங்களா?”

“ஆமாம்மா. பாதிக்கு மேல.”

வெல்லத்தை விளிம்பில் சத்தமில்லாமல் வைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

“எழுப்பாத. நைட் ஷிப்டாக்கூட இருக்கும்.”